சட்டை இல்லாத கைகள்

கிழக்கு லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில், நாடக உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் நகுலேஸ்வரியின் பழைய வீட்டுக்கு, மழை தூறிய ஒரு மத்தியானம் சுவர்ணா போனாள். சிநேகிதி கூப்பிட்டால் எதற்கென்று கேட்கும் வழக்கம் அவளுக்கில்லை. பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்து இறங்கிய நாளில் இருக்க இடம் கொடுத்தவள் நகுலேஸ்வரிதான்.

மாடி அறையில் ஈரத்துணி வாடை. மேசையில் இரண்டு பட்டுக்கைகள் மட்டும் கிடந்தன.

"சட்டை எங்கயடி?"

"அந்தக் காலத்து வெள்ளைக்காரியள் கையைத் தனியாத்தான் கட்டுவினம். ஒரே சட்டைக்கு விதவிதமாக் கை மாத்துவினம்," என்றாள் நகுலேஸ்வரி. "ஒருக்காப் போட்டுக் காட்டன். படம் எடுக்கோணும்."

கரும்பச்சைப் பட்டு, சரிகைப் பூக்கள், தோளில் முடிய நாடாக்கள். சுவர்ணா வலது கையை நுழைத்தாள். கிணற்றுக்குள் விட்டதுபோல் குளிர்ந்தது. நகுலேஸ்வரி நாடாவை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று.

பட்டுக்குள் ஏதோ அசைந்தது.

விரல்கள்.

தோளிலிருந்து மெல்ல ஊர்ந்து இறங்கி, மணிக்கட்டுக்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டன.

"நகுலா, உள்ளுக்குள்ள ஆரோ பிடிக்கினம். கழட்டு."

நகுலேஸ்வரி கதவடிக்குப் போய்விட்டிருந்தாள். தன் கம்பளிச் சட்டையின் கையை மேலே தள்ளினாள். முன்னங்கையில் ஐந்து விரல் பதிந்து கன்றிய தடம். பார்த்துக்கொண்டிருக்கவே அது மங்கி மறைந்தது.

"என்னை விட்டிட்டுது," என்று கிசுகிசுத்தாள்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். இன்னொருத்தி விரும்பிப் போட்டால்தான் விடும்." அவள் சுவர்ணாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கேட்டால் மாட்டன் எண்டு சொல்லாத ஆள் நீ ஒருத்திதான்."

சுவர்ணா சுவரில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டிக் கையை உதறினாள். பட்டு நிலத்தில் விழுந்தது. படிகளில் ஓடி இறங்கியபோது பின்னால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

தன் வீடிருக்கும் பார்க்கிங் நகர் வரும்வரை பஸ்ஸில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு அடையாளமும் இல்லை.

வீட்டில் யாருமில்லை, கணவன் சந்திரகுமார் வேலைக்குப் போயிருந்தான். கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. இத்தனை வருடச் சிநேகிதத்தில் நகுலா தன்னிடம் கண்டுவைத்தது மாட்டேன் என்று சொல்லாத அந்தக் குணம் ஒன்றுதானா? இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

பின்னாலிருந்து ஒரு கை, ஆறுதல் சொல்வதுபோல், அவள் தலையைத் தடவிக்கொடுத்தது.