நான்காவது தட்டு

பாண்டிச்செல்வி மூன்று முறைதான் தட்டினாள். நான்கு முறை கேட்டது.

பழைய பூச்சு எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று அறிய, பூச்சுக் கரண்டியின் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போவது அவள் வழக்கம். மூன்று தட்டு, பிறகு காது. மட்டாஞ்சேரியின் அந்தப் பழைய மிளகுக் கிடங்கை ஓட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். மதியச் சோற்றுக்கு எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். தடித்த சுவர்களில் ஊறிப்போன மிளகு நெடியும், காயலிலிருந்து வரும் உப்பு ஈரமும், ஜன்னல் வெயிலில் மிதக்கும் சுண்ணாம்புத் தூசியும் அவளுக்குப் பழகியவை. பழகாதது சுருட்டு வாசம். அங்கே யாரும் சுருட்டுப் பிடிப்பதில்லை.

மறுபடி தட்டினாள். மூன்று.

நான்காவதைச் சுவர் தட்டியது.

காலையில் இங்கேதான் இரண்டு கல் பெயர்ந்து விழுந்தன. உள்ளே ஒரு கால் எலும்பு, அதைச் சுற்றி இரும்பு வளையம். கொத்தனார் இசக்கிமுத்து பார்த்ததும் கும்பிட்டார்.

"கப்பிரி, தாயி. பறங்கிக்காரன் ஓடும்போது, புதையலுக்குக் காவல்னு ஆப்பிரிக்கா அடிமைகள உசுரோட வச்சுக் கட்டிட்டாம்னு சொல்லுவாவ. தெருமுனையில சேட்டன்மாரு சுருட்டு கொளுத்தி வைக்காவல்லா, அது இவங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டுக் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை.

சூப்பர்வைசர் வெங்கிடேஷ் பாலக்காட்டுக்காரர். குனிந்து பார்த்தார். "வெளில தெரிஞ்சா வேலை நின்னுடும். அடைச்சுடு, கேட்டியோ?" அவள் தயங்கியதும் சிரித்தார். "என்ன பாக்கறே? கப்பிரின்னா உன் நிறம்தான். உன் பந்து ஜனமோ?"

பள்ளிக்கூடத்திலிருந்தே இப்படிப்பட்ட பேச்சை விழுங்கிப் பழகியவள். இன்றும் விழுங்கினாள். கல்லை வைத்தாள். சிமெண்டுக் கலவையை அப்பினாள். ஒரு மனுஷனை இரண்டாம் முறை மூடியது தன் கைதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கரண்டியைக் கீழே போட்டாள். தட்டல் நிற்கவில்லை.

காலையில் பூசிய ஈரப் பரப்பு மெல்ல உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது.

மூச்சு.

வாசல் பத்தடி தூரம். அந்தப் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் முடியலையா?" வாசலில் வெங்கிடேஷ். "என்ன சத்தம் அது?"

"உள்ள இருக்கவரு, சார்."

"பிராந்து பிடிச்சுடுத்தோ உனக்கு? பூசுடீ!"

அவள் கடப்பாரையை எடுத்தாள். கல் இடுக்கில் அதன் நுனியை வைத்தாள்.

"சொந்தக்காரர்னு நீங்கதான சொன்னீங்க? சொந்தத்தை வச்சுக் கட்ட எனக்கு மனசு வராது."

ஒரு குத்து. இன்னொன்று. கல் சரிந்தது. சுருட்டு வாசம் முகத்தில் அடித்தது.

புதையல் இல்லை. குடம் இல்லை. நின்றபடியே ஒரு எலும்புக்கூடு. இரண்டு கைகளும் முன்னே நீண்டிருந்தன. விரல் நுனிகள் தேய்ந்து கூராகியிருந்தன.

நுனிகளில் சிமெண்டு. காலையில் அவள் பூசியது. ஈரமாக.

வெங்கிடேஷ் ஓடும் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்தது. அவள் ஓடவில்லை.

எதிர்ச் சுவரில் ஒரு தட்டு. பிறகு தரைக்கடியில். பக்கத்துக் கிடங்கில். அதற்கடுத்ததில். தெரு நெடுக.

"வரேன்," என்றாள். எதிர்ச் சுவரை நோக்கிக் கடப்பாரையை ஓங்கினாள். முன்னைவிட லேசாக இருந்தது.

கடப்பாரையைப் பார்த்தாள்.

அவள் கைக்குக் கீழே, ஈரச் சிமெண்டு படிந்த இன்னொரு கை அதைப் பிடித்திருந்தது.