ஒன்பது இலக்கமும் ஒரு வீயும்

கடவுச்சொல்லைத் தட்டியதும் திரை சற்று யோசித்தது. பிறகு, "மன்னர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்" என்றது.

பாக்கியரத்தினம் மறுபடி தட்டினான். மறுபடியும் அதே பதில்.

இரண்டு வருடமாக ஓர் இணைய விளையாட்டில் அவன் ஊட்டி வளர்த்த மன்னன். நாற்பது கோட்டை, ஆறாயிரம் குதிரை; திருகோணமலைத் துறைமுகத்தையே சீதனமாகக் கொடுத்தாலும் அந்த மன்னனை மாற்றிக்கொள்ளமாட்டான். திரைக்கு வெளியே அவனுக்கிருந்தது ஓர் ஓட்டைச் சைக்கிள், கமலேஸ்வரி என்ற மனைவி, ஆறு மணிக்குத் தொடங்கும் ஊரடங்கு. அவன் தலையில் இரட்டைச் சுழி. "ரெட்டைச் சுழிக்காரருக்கு ரெண்டு பெண்சாதியாம், உங்கட ரெண்டாவது அந்த மன்னன்தான்" என்று அவள் சொல்லாத நாளில்லை.

மன்னனின் கடவுச்சொல் அவனுடைய அடையாள அட்டை இலக்கம். 2007இல் திருகோணமலையில் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஒன்பது இலக்கத்தையும் கடைசியில் வரும் வீ என்ற ஆங்கில எழுத்தையும் மறந்தவன் சந்தியிலுள்ள ராணுவச் சோதனையைத் தாண்ட ஏலாது. ஆனால் கலீலுர் றஹ்மானின் நெட் கஃபேயில், ஆமி வந்து பார்க்கும் கொப்பியில், வருகிறவர்களெல்லாம் எழுதவேண்டியதும் அதையேதான்: பெயர், இலக்கம், வந்த நேரம், போன நேரம்.

"திறப்பைக் கதவிலேயே தொங்கவிட்டுட்டுப் பூட்டிட்டன் எண்டு சொல்றீங்க தம்பி. அதை மாத்துங்க" என்று, அவன் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கலீலுர் றஹ்மான் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"என்ர மன்னனை ஆர் நானா களவெடுக்கிறது? ஆறாயிரம் குதிரைக்கும் புல்லுப் போடவே அவன் செத்துப்போவான்!"

போன கிழமை 'விளையாட்டு நிர்வாகம்' அவனுக்கு ஒரு பொன் யானை பரிசென்று எழுதியிருந்தது. ஆளை உறுதிப்படுத்த வீட்டு விலாசம், மனைவியின் பெயர், அவள் அவனை எப்படிக் கூப்பிடுவாள் என்பதெல்லாம் கேட்டார்கள். ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தான். யானை இன்னும் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஐந்து மணிக்கே இருட்டியிருந்தது. மின்சாரம் இல்லை, கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்க, அதன் எண்ணெய்ப் புகையும் துறைமுகத்து ஈரச்சாக்கு வாடையும் மாடிப்படியேறி வந்து கஃபேயின் எட்டுக் கணினித் தடுப்புகளுக்குள்ளும் புகுந்து திரும்பின. மற்ற ஏழிலும் ஆளில்லை. அவன் புதிய பெயரில் விளையாட்டுக்குள் நுழைந்து தன் மன்னனைத் தேடினான்.

கோட்டை வாசலில் நின்றான் மன்னன். முதுகைக் காட்டிக்கொண்டு.

அந்த விளையாட்டில் மன்னர்கள் முதுகைக் காட்டுவதேயில்லை. கிரீடமும் இல்லை. பின்தலையில் இரண்டு சுழி.

"ஆர் நீ?" என்று தட்டினான்.

ஒன்பது இலக்கம் வந்தது. பிறகு ஒரு வீ. பிறகு இன்னொரு வரி.

"நான் வீட்டை போறன். நீங்கள் இருங்கோ."

மன்னன் வாசலைத் தாண்டி மறைந்தான். கீழே ஜெனரேட்டர் நின்றது. இரும்புக் கதவு கடகடவென்று இறங்கும் சத்தம்.

"நானா! நான் மேல இருக்கிறன்!"

இருட்டில் படிகளைத் தடவி இறங்கி, கதவை அறைந்தான். வெளியே நானாவின் மோட்டார் சைக்கிள் தூரப்போனது. மேசையில் கொப்பி திறந்து கிடந்தது. தீக்குச்சி கிழித்தான். அவன் பெயர். அவன் கையெழுத்து. போன நேரம்: 5.20. மை காயவில்லை.

மேசையிலிருந்த தொலைபேசியில் வீட்டுக்கு அடித்தான்.

"ஆர் கதைக்கிறது?" என்றாள் கமலேஸ்வரி.

"நான்தான். நானா என்னை உள்ள வச்சுப் பூட்டிப்போட்டார்."

"ஆரப்பா நீர்? அவர் இப்பதான் நனைஞ்சு வந்தவர். குசினிக்குள்ள சாப்பிடுறார்."

"கமலம், நான் சொல்லுறதைக் கேள். என்ர இலக்கம்..." ஒன்பதையும் சொன்னான். வீயையும் சொன்னான்.

"அதை ஆரும் சொல்லலாம். நெட் கஃபேக் கொப்பியில கிடக்குதாமே. ஏமாத்துக்காரர் எடுப்பினம், ஒண்டும் குடுத்திடாதை எண்டு அவர் வந்ததும் சொன்னவர்."

"என்ர தலையில ரெண்டு சுழி..."

"இப்பதான் துவட்டிவிட்டனான். ரெண்டும் இருக்கு." அவள் குரல் தொலைபேசியிலிருந்து விலகியது. "இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்ன மாதிரியே எடுத்திட்டான்!"

தூரத்தில் ஒரு சிரிப்பு. அவனுடைய சிரிப்பு.

தொடர்பு அறுந்தது. மறுபடி மறுபடி அடித்தான். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆறு மணிச் சங்கு. வீதியில் சப்பாத்துகள். நெருங்கின. நின்றன. கதவின் கீழிடுக்கில் டோர்ச் வெளிச்சம் நாக்கைப்போல நுழைந்தது.

"உள்ள யாரு? ஐசி! ஐசி காட்டு!"

இரும்பில் துப்பாக்கிக் கட்டை இடித்தது. ஒருமுறை. மறுமுறை.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தான். குனிந்தான். வெளிச்சத்தில் பிடித்தான்.

பெயர் இருந்தது. இலக்கம் இருந்தது. வீ இருந்தது.

படத்தில் முகம் இல்லை. கத்தரித்த பிடரி மயிர். காதுகளின் பின்புறம். இரண்டு சுழி.