காது வைக்காத தலை

மிளகின் அம்மாவுக்குக் குப்பை என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

அப்பாவின் கிழிந்த மழைக்கோட்டு ஒரு நாள் கடல்நாயாக மாறி ஜன்னலோரம் படுத்துக்கொண்டது. உடைந்துபோன குடையின் கம்பிகள் சிலந்தியாகிவிட்டன. நூலை இழுத்தால் அது எட்டுக் கால்களையும் மடக்கி உட்காரும். பாட்டில் மூடிகள் எல்லாம் சக்கரங்கள். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் கண்கள். அப்பா பஸ் ஓட்டுபவர். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலுறையைக் காணோம் என்றால், அது முயலாகிவிட்டதா என்று பொம்மைப் பெட்டியில்தான் முதலில் தேடுவார்.

"கொஞ்சம் அசந்தா என்னையும் பொம்மையாக்கிடுவா" என்று சொல்லிக்கொண்டே ஒரு காலுறையோடு வீடு முழுக்கச் சுற்றுவார்.

ஆனால் அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது களிமண்தான். வீட்டின் பின்னால் இருந்த சின்ன அறை முழுக்க மண் வாசனை. அங்கே ஒரு தாழ்வான மேசை, ஒரு முக்காலி, ஒரு வாளி. மூலையில் ஈரச் சாக்குக்குள் மூட்டையாகக் களிமண்.

மிளகுக்குப் பத்து வயது. பிறந்தபோது கையளவுதான் இருந்தாளாம். ஆனால் அவள் அழுத அழுகை தெருமுனை வரைக்கும் கேட்டதாம். அன்றைக்கே அப்பா 'மிளகு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஐந்து வருடம் கழித்துத் தம்பி பிறந்தான். அவன் உருண்டையாக, கன்னமும் தொந்தியுமாக வந்து சேர்ந்தான். அவன் பெயர் பூசணி.

அந்த விடுமுறையின் கடைசி வாரத்தில் அம்மா மிளகின் தலையைக் களிமண்ணில் செய்யத் தொடங்கினாள். நான்கு நாள் மத்தியானம் மிளகு முக்காலியில் ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். மூக்கு அரித்தது, சொறியவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மண்ணுக்குள்ளிருந்து மெல்ல மெல்ல அவளுடைய நெற்றி வந்தது, மூக்கு வந்தது, கன்னமும் உதடும் வந்தன. அம்மா இவ்வளவு நேரம் தன்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது மிளகுக்குப் பிடித்திருந்தது.

ஐந்தாம் நாள் காது வைக்க வேண்டும். அதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் போனால்தான் வருகிற ஒரு பெரிய நகரத்தில், சிறுவர் நூலகம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வாசலில் பிள்ளைகள் ஏறி விளையாட ஒரு பெரிய ஆமை வேண்டுமாம். அம்மாதான் வந்து செய்து தர வேண்டுமாம். இருபது நாள் வேலை, உடனே கிளம்ப வேண்டுமாம். இப்படி ஒரு வேலைக்காக அம்மா எத்தனை வருடமாகக் காத்திருந்தாள் என்பது மிளகுக்குத் தெரியும். அதனால் போகாதே என்று சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன்னால் அம்மா அவளைப் பின்னறைக்குக் கூட்டிப் போனாள். களிமண் காய்ந்துவிட்டால் அப்புறம் காது ஒட்டாது என்றாள். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஈரத்துணியால் சுற்ற வேண்டும், அதன்மேல் பிளாஸ்டிக் பையைப் போட்டு மூட வேண்டும். தண்ணீர் அதிகமானாலும் ஆபத்து, முகவாய் தொங்கிவிடும்.

"காது மட்டும்தான் பாக்கி. வந்ததும் வெச்சிடறேன். அதுவரைக்கும் நீதான் பாத்துக்கணும்."

மிளகு பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. பூசணியை மட்டும் அறைக்குள் விடவில்லை. அவன் கை பட்டால் மூக்கு போய்விடும் என்று பயம். கதவைச் சாத்திக்கொண்டுதான் துணியைப் பிரிப்பாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். கன்னத்திலும் கழுத்தின் பின்பக்கத்திலும் மண்மேல் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. உற்றுப் பார்த்தால் உள்ளே மெல்லிய கோடுகள். அம்மாவின் விரல் பதிந்த இடங்கள். மிளகு தன் கட்டைவிரலை ஒரு பள்ளத்தில் மெதுவாக வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

அதற்குப் பிறகு தண்ணீர் தெளிக்க முன்னைவிட அதிக நேரம் ஆயிற்று. துணியைப் பிரித்து வைத்துக்கொண்டு, அன்றைக்கு நடந்ததையெல்லாம் சின்னக் குரலில் சொல்வாள். கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே வகுப்பு முழுக்கத் தேடியது. அப்பா பின்னிவிட்ட சடை ஒன்று கிழக்கேயும் ஒன்று மேற்கேயும் பார்த்தது. தலையோடு பேசுவதைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

இருபது நாள் ஆயிற்று. அன்று மாலை அம்மா தொலைபேசியில் பேசினாள். விடாமல் மழையாம். ஆமையின் ஓடு காயவே இல்லையாம். காயாத ஓட்டின்மேல் வேலை செய்ய முடியாதாம். இன்னும் ஒரு மாதம், இல்லை அதற்குமேல் கொஞ்சம் ஆகலாம்.

"சரிம்மா" என்றாள் மிளகு. சாதாரணமாகத்தான் சொன்னாள். தொலைபேசியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அன்றைக்குக் கதவு திறக்க நெடுநேரம் ஆயிற்று.

வெளியே வந்தபோது வாசற்படியில் பூசணி உட்கார்ந்திருந்தான். இப்போதெல்லாம் அவன் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். "நானும் உள்ள வரட்டுமா?" என்று கேட்டான். "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிப் போனாள் மிளகு.

பள்ளியில் இரண்டு நாள் முகாம் வந்தது. போகவே மாட்டேன் என்று மிளகு ஒற்றைக்காலில் நின்றாள். தலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா அடித்துச் சொன்ன பிறகுதான் சம்மதித்தாள். அப்போதும் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

முகாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து பையைக்கூட இறக்காமல் பின்னறைக்கு ஓடினாள்.

கதவு திறந்து கிடந்தது. மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. துணியும் பிளாஸ்டிக் பையும் தரையில் கிடந்தன. தலை வெளிறிப்போய், சாம்பல் நிறத்தில் உட்கார்ந்திருந்தது. இடது கண்ணின் கீழே ஆரம்பித்து முகவாய் வரைக்கும் ஒரு வெடிப்பு. இரண்டு பக்கமும், காது இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பாட்டில் மூடிகள் அழுத்திவைக்கப்பட்டிருந்தன. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

"பூசணி!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தையல்கார அத்தைகூட ஊசியும் கையுமாக ஓடி வந்துவிட்டார். அப்பா இல்லாத நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். நடந்ததை அவர்தான் சொன்னார். மாற்று ஓட்டுநர் வராததால் முதல் நாள் மாலையிலிருந்தே அப்பாவுக்குக் கூடுதல் வேலை. வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் தூங்கிவிட்டு, விடிந்ததும் மறுபடி ஓடியிருக்கிறார். பூசணி பின்னறைக்குள் புகுந்ததை அத்தையும் கவனிக்கவில்லை.

பூசணி கட்டிலுக்கு அடியில் இருந்தான். வெளியே வர மாட்டேன் என்றான். மிளகு கட்டிலின் மறுபக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன்டா இப்படி பண்ணுன?"

இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அதுக்கு வேர்த்துச்சு. அதான் ஃபேன் போட்டேன்."

"மூடி?"

"காதே இல்ல. நான் பேசினது அதுக்குக் கேக்கல."

"என்ன பேசின?"

"அம்மாவ வரச் சொன்னேன்" என்றான் பூசணி. "நீ தினமும் உள்ள போய் அம்மாகிட்ட பேசற. நான் கதவுகிட்ட இருந்து கேட்டேன். என்னை மட்டும் பேச விடல."

மிளகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அம்மா செய்த கடல்நாயும் சிலந்தியும் அங்கே இருந்தன. அவளுக்காவது பேசுவதற்கு ஒரு அறை இருந்தது. இவன் இத்தனை நாளும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான்.

அவள் கட்டிலுக்கு அடியில் கையை நீட்டினாள். நீட்டியபடியே வைத்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன, பிசுபிசுப்பான கை வந்து பிடித்துக்கொண்டது.

அவனைப் பின்னறைக்குக் கூட்டிப் போய், கழுத்தின் பின்னால் இருந்த பள்ளங்களைக் காட்டினாள். அம்மாவின் விரல் என்று சொன்னாள். பூசணி ஒரு பள்ளத்தில் சுண்டுவிரலை வைத்தான். அது முழுசாக உள்ளே அடங்கிவிட்டது. அவன் விரலை எடுக்கவே இல்லை. மிளகும் எடுக்கச் சொல்லவில்லை.

மாலையில் அப்பா வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். மிளகிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. வெடிப்பு எவ்வளவு ஆழம், விரல்நகம் உள்ளே போகிறதா என்று கேட்டாள். பிறகு இரண்டு வழி இருக்கிறது என்றாள். தலையை உடைத்து வாளித் தண்ணீரில் போட்டுவிடலாம். மண் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும், வந்து புதிதாகச் செய்யலாம். இல்லையென்றால் ஈரத்துணியைச் சுற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிட்டு, வெடிப்பின் இரண்டு பக்கமும் ஊசியால் கீறி, மண்ணைக் குழம்பாகக் கரைத்து உள்ளே நிரப்பி, மேலே அழுத்தித் தேய்க்க வேண்டும்.

"ஆனா அந்தக் கன்னம் முழுக்க உன் கை படணும்டா" என்றாள் அம்மா. "நான் செஞ்சது அங்க இருக்காது. பரவாயில்லையா?"

மிளகு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கன்னத்தில்தான் கட்டைவிரல் பள்ளம் இருந்தது. மறுநாள் முழுக்கத் துணி ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். அதற்கும் மறுநாள், அத்தையிடம் ஒரு ஊசி வாங்கி வந்தாள்.

பூசணிதான் மண்ணைக் கரைத்தான். வாளியில் பாதியும் சட்டையில் பாதியுமாகக் கரைத்தான். மிளகு கீறினாள், நிரப்பினாள். கட்டைவிரல் பள்ளத்தின்மேல் கை வந்தபோது மட்டும் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அழுத்தித் தேய்த்தாள்.

வெடிப்பு மூடிவிட்டது. கன்னம் மட்டும் புசுபுசுவென்று வீங்கிவிட்டது. அப்பா வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, பல்வலி வந்தபோது தன் முகம் அச்சாக இப்படித்தான் இருந்தது என்றார்.

அன்றிலிருந்து காலை முறை மிளகுக்கு, மாலை முறை பூசணிக்கு. மாலையில் மிளகு கதவுக்கு வெளியே நிற்பாள். உள்ளே தம்பி பேசுவது கேட்கும். பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியும், தெருவில் பார்த்த நாய்களைப் பற்றியும் இருக்கும். கடைசியில் ஒவ்வொரு நாளும், "சீக்கிரம் வாம்மா." மூடிகளை மிளகு எடுக்கவில்லை.

மழை ஒருவழியாக நின்றது. ஆமையும் முடிந்தது. ஒரு காலை நேரத்தில், தோளில் பையும் நகக்கண்ணில் மண்ணுமாக அம்மா வாசலில் வந்து நின்றாள். பூசணி ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான். அந்தக் காலை விட மறுத்துவிட்டான். அம்மா ஒற்றைக் காலை இழுத்து இழுத்துத்தான் வீட்டுக்குள் நடந்தாள்.

மிளகு நின்ற இடத்திலேயே நின்றாள். இத்தனை நாளும் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. இப்போது ஒன்றுமே ஞாபகம் வரவில்லை.

"காது வைக்கணும்" என்றாள்.

"வைக்கலாமே" என்றாள் அம்மா.

நீலக் காதையும் சிவப்புக் காதையும் பார்த்தபோது அம்மா சிரித்த சிரிப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வீங்கிய கன்னத்தை மெதுவாகத் தடவினாள். நெடுநேரம் பார்த்தாள். இதை நான் தொட மாட்டேன், இது இப்படியே இருக்கட்டும் என்றாள்.

மிளகு முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா அவளையும் மண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகத்தில் இருந்த சிரிப்பு குறைந்தது.

"ரெண்டு மாசத்துல வளந்துட்டியே" என்றாள். "நான் பாக்காமயே."

காது எவ்வளவு பெரிது என்று தெரிய வேண்டும் என்று சொல்லி, அம்மா மிளகின் காதை விரலால் பிடித்துப் பார்த்தாள். மேலே அளந்தாள், கீழே அளந்தாள். பிறகு மற்றக் காதை. அப்புறம் உள்ளங்கை இரண்டும் கன்னத்துக்கு வந்தன. கன்னத்தை அளக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது மிளகுக்கு நன்றாகத் தெரியும்.

"அளவு எடுத்தாச்சாம்மா?"

"இன்னும் இல்ல" என்றாள் அம்மா.

மிளகு ஆடாமல் உட்கார்ந்திருந்தாள்.