காயாத எண்பது

செங்கலடிச் சந்தியில் பஸ் சட்டென்று நின்றது. யாரோ வந்து மோத, ஜோசப்பினின் தோளில் ஈரமாக ஏதோ ஒட்டியது. மழைத்தண்ணீர் என்றுதான் நினைத்தாள்... கறுப்புப் பெயின்ற்.

வெள்ளைச் சேலையில் ஒரு கேடயத்தின் அச்சு. அதன் நடுவே எண்பது என்ற இலக்கம், இடம்வலம் மாறிக் கிடந்தது.

எதிரே ஒருவன், காயாத சட்டையொன்றை மட்டையில் விரித்துப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றான். பெரிய கண்கள். இமை நுனியில் மழைத்துளி...

சண்டை பிடிக்க அவளுக்குத் தெம்பில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பு, பின்னேரம் ரியூசன், வீட்டில் பாரிசவாதத்தில் கிடக்கும் அம்மா. ஆறு வருடமாக இதே ஓட்டம். இது என்ன நம்பர் என்று மட்டும் கேட்டாள்.

"அமெரிக்காவில ஒரு றோட்டுப் பலகை, ரீச்சர். பழைய புத்தகமொண்டில கண்டன். பொடியன்மார் சட்டை முதுகில கீறித் தரச் சொல்றாங்க."

"அந்த றோட்டு எங்க போகுது?"

"தெரியாது. நான் பதுளைக்கு அங்கால போனதில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு...

அவன் பெயர் றோய். புளியந்தீவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவன். மறுநாள், பெயின்ற் கரைக்கும் டர்பன்ரைனோடு, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து கறையைத் துடைத்தான். பாதிதான் போனது. அதையே சாட்டாக வைத்து இன்னும் மூன்று தரம் வந்தான். அம்மாவின் கட்டிலருகே இருந்து, அந்தப் புத்தகத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசித் தரம் புதுச்சேலையொன்று கொண்டுவந்தான்.

ஜோசப்பினுக்குச் சுருக்கென்றது. மாற்றிக் கட்டச் சேலையில்லாதவள் என்று எண்ணிவிட்டானா? பொதியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தாள். இனி வரவேண்டாம் என்றாள். அவன் பொதியோடு திரும்பிப் போனான்.

மூன்று கிழமை. களைப்பு முன்னையிலும் கனத்தது.

"அவன் என்னைப் பார்க்கவா வந்தவன், மகள்?" என்று அம்மா ஒருநாள் குழறிய நாக்கால் கேட்டா.

அன்று பின்னேரமே, மழையோடு மழையாக அவன் கடை வாசலில் போய் நின்றாள். அவன் தூரிகையை வைத்துவிட்டு எழுந்தான். கோபத்தில் சேலையைத் திருப்பித் தந்தது பிழை என்றாள். பிறகு, அவன் கண்களைப் பாராமல்...

"எனக்கு உங்களில விருப்பம், றோய். ஆனா அம்மாவை விட்டிட்டு எங்கயும் வர ஏலாது. ஒவ்வொரு நாளும் களைச்சுப்போய்த்தான் வீட்ட வாறன். பேசக்கூட ஏலாது எனக்கு."

"பேச வேணாம்," என்றான் அவன். "நீங்க வரக்குள்ள நான் தேத்தண்ணி வச்சிருப்பன். அம்மாவுக்கும் உங்களுக்கும்."

கடையிலிருந்த ஒரேயொரு முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். ஜோசப்பின் அதில் அமர்ந்தாள்.