முதல் முடிச்சு

வெள்ளாற்றின் மேற்குக் கரையில் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்த அந்த மாலை வேளையில், நெடும்பாறைக் கோட்டையைத் தொலைவிலிருந்து கண்ட எவரும் அதைத் தேவர் உறையும் இடமென்றே எண்ணியிருப்பார்கள். கரையோரத்து மருத மரங்களில் நாரைகள் வந்தடைந்துகொண்டிருந்தன; மதிலின் நிழல் கார்காலப் புதுவெள்ளத்தின்மீது பாதி ஆறுவரை நீண்டு கிடந்தது; கீழ்த்திசையில் முழுநிலவு, உருக்கிய செம்பில் பாலை விட்டுக் கலக்கியது போன்ற நிறத்தோடு, மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது. படித்துறையில் கட்டியிருந்த ஓடங்கள் கயிற்றை இழுத்து இழுத்து முனகின. அக்கரையில் சிறு சிறு தீக்கள் மின்னின.

அழகுதான். ஆனால், வாசகர்களே, தொலைவிலிருந்து பார்த்தால் எந்தச் சிறையும் அழகாகத்தான் இருக்கும். உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் அல்லவா தெரியும்!

உள்ளே, அந்தப்புரத்தில் ஆற்றை நோக்கிய அறையில், சாளரத்தின் கல்விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு நின்றாள் நல்லமங்கை. விடியற்காலையிலிருந்தே அவளுக்கு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவள் கணவன் கண்டராயன் நெடும்பாறை நாட்டின் பட்டத்துக்கு உரியவன். அவனுடைய சிற்றப்பன் சோமராயர், பகைவரோடு கூடிச் சதி செய்தான் என்று பொய்ப்பழி சுமத்தி அவனைக் கோட்டையின் பாதாள அறையில் அடைத்துவைத்திருந்தார். கண்டராயனின் படை அக்கரையில் தீ மூட்டிக் காத்துக் கிடந்தது. ஆனால் ஓடங்கள் அத்தனையும் இக்கரையில் இருந்தன. கோட்டைக் கதவுகளோ பூட்டிக் கிடந்தன. சில நாட்களுக்கு முன் முற்றத்தில் நின்று காவல் தலைவன் கச்சியனிடம் சோமராயர் சொன்னதை இதே சாளரத்தின் வழியே நல்லமங்கை தன் காதால் கேட்டிருந்தாள்: "குழந்தையின் முதல் அழுகை கேட்டதும் அவன் கதையை முடித்துவிடு. அதன்பின் குழந்தையின் பெயரால் நான் ஆள்வேன்."

தொட்டிலில் கிடக்கும் அரசுக்குப் பேசத் தெரியாது. அதைவிட வசதியான அரசு சோமராயருக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஆகையால்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குழந்தை இன்று பிறக்கக் கூடாது. இன்னும் ஒரு நாள், இரண்டு நாள்... ஆனால் உடம்பு எந்த அரசியலையும் கேட்டு நடப்பதில்லையே!

"தேவி! எத்தனை நேரமாக இந்தக் கூத்து?"

வாசலில் மருத்துவச்சி மருதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நல்லமங்கையைவிட இரண்டொரு வயதே மூத்தவள். வாய் மட்டும் ஏழு ஊருக்குக் கேட்கும்.

"எந்தக் கூத்து?" என்றாள் நல்லமங்கை.

"கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கூத்து. அந்தச் சாளரம் பெயர்ந்து விழுந்தால் கொத்தனுக்கு யார் பதில் சொல்வது?"

நல்லமங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மருதி, எனக்குப் பயமாயிருக்கிறது. என்னைப் பெற்ற அன்றே என் தாய் இறந்துபோனாள். இங்கே இருக்கும் பெண்களோ நான் சூல்கொண்ட நாளிலிருந்து செத்தவள் கதையைத் தவிர வேறு கதை சொல்லவில்லை. நான் பிழைத்தாலும் குழந்தையின் குரல் கேட்டதும் அவரைக் கொன்றுவிடுவார்கள். நான் எப்படிப் பெறுவேன்?"

மருதியின் முகத்திலிருந்த விளையாட்டுத்தனம் மறைந்தது. அருகில் வந்து அவள் முதுகில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். அந்தக் கை வெதுவெதுப்பாய் இருந்தது.

"இறந்தவர்களும் உண்டு, தேவி. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பெற்று எழுந்து, மறுவாரமே மாமியாரோடு சண்டை போட்டவர்களும் இந்தக் கோட்டை நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கதையை ஒருவரும் சொல்வதில்லை. அதில் என்ன சுவை? உங்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். பிள்ளை தலைகீழாக, ஒழுங்காக இறங்கியிருக்கிறது. வலி வெளியிலிருந்து வருகிற ஆளா, பயப்பட? உங்கள் உடம்பு தன் வேலையைச் செய்கிறது. வரும்போது மூச்சை நீளமாக விடுங்கள். போனதும் தோளைத் தளர்த்துங்கள். நான் எங்கும் போகப் போவதில்லை."

அடுத்த வலி வந்தது. நல்லமங்கை அதை எதிர்த்து நிற்காமல், மருதியின் தோளில் சாய்ந்து மூச்சை நீளமாக விட்டாள். மலைமேல் ஏறுவது போல் ஏறிய வலி, உச்சியில் சற்று நின்று, தானே இறங்கிப் போயிற்று. அவள் வியப்போடு கண்ணைத் திறந்தாள்.

"போய்விட்டதே!"

"போகாமல்? அதற்கும் ஓய்வு வேண்டாமா? சரி, இனி மறைக்க முடியாது. பறையறையச் சொல்கிறேன்."

அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்திக்குப் பேறுவலி கண்டால் அவள் வீட்டில் பூட்டியது எதுவும் பூட்டியிருக்கக் கூடாது. கட்டியது எதுவும் கட்டியிருக்கக் கூடாது. பெட்டிகள் திறக்கும், மாடுகள் கயிற்றிலிருந்து விடுபடும், ஆணும் பெண்ணும் கொண்டையை அவிழ்த்து இடைக்கச்சையைத் தளர்த்திக்கொள்வார்கள். கட்டெல்லாம் அவிழ்ந்தால் பிள்ளையும் தடையின்றி வழி காணும் என்பது நம்பிக்கை. பிறந்த குழந்தையின் இடுப்பில் தாய் தன் கையால் கறுப்பு நூல் கட்டி முதல் முடிச்சைப் போடுவாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எதையும் கட்டலாம், பூட்டலாம். அரசன் வீட்டுப் பேறு என்றால் கோட்டை முழுவதுமே ஒரே வீடு.

பறை முழங்கியது. "சோமராயர் ஆணை! பூட்டு ஒன்றும் மிஞ்சலாகாது! முடிச்சு ஒன்றும் மிஞ்சலாகாது!" தமக்கு எவ்வளவு அக்கறை என்று ஊருக்குக் காட்ட வேண்டுமென்று அவரே வலியுறுத்திச் சொல்லிய வார்த்தைகள் அவை. ஆறோ நிறைவெள்ளம், அக்கரைப் படை நீந்தி வர முடியாது, கதவைத் திறந்து வைத்தால்தான் என்ன என்பது அவர் கணக்கு. நாடாளும் மூளைக்குப் படித்துறைக் கயிறு எங்கே நினைவிருக்கும்?

மருதி நல்லமங்கையின் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். நல்லமங்கை சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"மருதி, எல்லாப் பூட்டுமா?"

"எல்லாந்தான்."

"பாதாள அறையின் பூட்டு?"

மருதி அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, அவள் வாய் காதுவரை விரிந்தது.

"அதன் சாவி அந்தப் பெரிய மனிதரின் இடுப்பிலே அல்லவா இருக்கிறது! அவராகத் திறக்க மாட்டார், தேவி."

"திறப்பார். இந்தக் குழந்தை உயிரோடு பிறந்தால்தான் அவருக்கு ஆட்சி. எனக்குப் பேறு தடைப்பட்டுவிட்டது என்று தெரிந்தால் திறப்பார். உனக்குக் கத்த வருமா?"

"என்ன கேள்வி இது! என் புருஷனைக் கேளுங்கள்."

நம் சரித்திரக் கதைகளில் வழக்கமாக இந்த இடத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள். போர்க்களம் என்றால் ஒவ்வொரு வாள்வீச்சுக்கும் ஒரு பக்கம் எழுதும் கைகள், பேறு என்று வந்தால் 'உள்ளிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது' என்று ஒரு வரியோடு முடித்துக்கொள்ளும். நாம் சாத்தப் போவதில்லை. இன்றைக்கு எந்தக் கதவையும் சாத்தக் கூடாது என்றுதானே ஆணை!

வெளியே கூடத்தில் சோமராயர் உலாவிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து நெஞ்சைப் பிளக்கும் ஓலம் ஒன்று எழுந்தது.

"ஐயோ! ஐயையோ! பொறுக்க முடியவில்லையே!"

உள்ளே ஓலமிட்ட மருதி, ஓலத்தின் நடுவிலேயே நல்லமங்கைக்கு வெந்நீரில் கரைத்த பனைவெல்லத்தை ஊட்டினாள். நல்லமங்கை அதைக் குடித்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு உண்மையில் வலி வரும்போதோ அறை அமைதியாகிவிடும். அவள் சாளர விளிம்பில் முழங்கைகளை ஊன்றி, இடுப்பை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து, தொண்டைக்குள் தாழ்ந்த குரலில் முனகுவாள்; மருதி அவள் இடுப்பெலும்பை இரு கைகளாலும் அழுத்திக் கொடுப்பாள். வலி கடுமையாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிட உயரமாக எழுந்தது. ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டென்று அவளுக்கு இப்போது தெரியும். அடுத்த முறைக்காக அவள் அஞ்சவில்லை.

வலி இறங்கியதும் கண்ணைக் காட்டுவாள். மருதி மறுபடியும் தொடங்குவாள்.

"மருதி! என்ன நடக்கிறது உள்ளே?" சோமராயர் உலாவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்னவென்று சொல்வேன், பிரபு! பிள்ளை வழியிலே நின்றுவிட்டது! எங்கேயோ ஒரு பூட்டு மூடியிருக்கிறது!"

"எல்லாம் திறந்தாயிற்று!"

"ஒன்று மூடியிருக்கிறது, பிரபு! பிள்ளைக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லையா? தாய்க்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆனால் ஊர் என்ன பேசும்? ஆணையிட்டவர் வீட்டிலேயே ஆணை நிற்கவில்லை என்றல்லவா பேசும்!"

கூடத்தில் இருந்த வீரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்தவள் மருதி. கச்சியனின் மனைவிக்குப் போன மாதந்தான் பேறு பார்த்திருந்தாள். அன்று அவன் தன் வாளின் உறைக்கயிற்றைக்கூட அவிழ்த்து வைத்தவன்.

"பிரபு," என்றான் கச்சியன், தரையைப் பார்த்தபடி. "பாதாள அறை..."

"எனக்குத் தெரியும்!" என்று சீறினார் சோமராயர். அந்த நேரம் பார்த்து மருதி விட்ட ஓலத்தில் மாடத்துப் புறாக்கள் எல்லாம் பறந்தன. சோமராயர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு இடுப்புச் சாவியை உருவி வீசினார். "திற! ஆனால் வாசலில் வேலோடு நில்லுங்கள். அழுகை கேட்டதும் உன் வேலையைச் செய்!"

காலடிகள் விரைந்து தேய்ந்தன. நல்லமங்கை நிமிர்ந்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"மருதி, இனி நடிக்க நேரமில்லை. குழந்தை வருகிறது."

"வரட்டும்."

"அவர் இன்னும் வெளியே வரவில்லை!"

"அப்படியானால் முக்க வேண்டாம். வாயைத் திறந்து ஊதுங்கள், விளக்கை அணைப்பது போல. அப்படித்தான். பிள்ளை நிதானமாக வந்தால் உங்களுக்கும் நல்லதுதான். ஆற்றைப் பாருங்கள்."

நல்லமங்கை ஆற்றைப் பார்த்தாள். நிலவு மேலே வந்திருந்தது. ஓடக்காரர்களின் மனைவிமார் ஆணைக்குப் பணிந்து படித்துறைக் கயிறுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டிருந்தார்கள். நெடும்பாறையின் ஓடங்கள் அத்தனையும், திருவிழாவுக்குக் கிளம்பியவைபோல, வெள்ளத்தில் மிதந்து அக்கரைப் பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தன!

கீழே ஒரு கூச்சல் எழுந்தது. பாதாள அறையின் வாசலில் வேலோடு நின்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓர் உருவம் மதிலோரமாகப் பாய்ந்து ஓடியது. பின்னால் வீரர்கள் துரத்தினார்கள். எப்படித் துரத்தினார்கள் என்கிறீர்கள்? விரித்த தலைமயிர் கண்ணை மறைக்க, தளர்ந்த கச்சை காலைத் தடுக்க, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு துரத்தினார்கள். வில்லாளிகள் மதில்மேல் நின்றார்கள். வில்லில் நாண் இல்லை. நாணை ஏற்றினால் முடிச்சு. அரசன் வீட்டில் தாய் முதல் முடிச்சைப் போடாதபோது எந்தத் தகப்பன் துணிவான்?

உருவம் ஆற்றில் குதித்தது. நல்லமங்கை மூச்சை ஊதி ஊதி விட்டாள். நீருக்குமேலே ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மிதந்து சென்ற ஓடம் ஒன்றின் விளிம்பை ஒரு கை எட்டிப் பிடித்தது. அந்தக் கை அவளுக்குத் தெரிந்த கை.

"மருதி, ஏறிவிட்டார்!"

"இப்போது உங்கள் முறை, தேவி!"

அவள் குந்தி அமர்ந்தாள். மருதிக்கு உதவியாக வந்திருந்த அவள் தோழி பின்னாலிருந்து நல்லமங்கை சாய்ந்துகொள்ள அவள் முதுகைத் தாங்கிக்கொண்டாள். இம்முறை எழுந்த ஒலி அவளுடையது. அது ஓலமாக இல்லை. பாரம் தூக்குபவன் அடிவயிற்றிலிருந்து எழுப்பும் முழக்கமாக இருந்தது. நெருப்பாய் எரிந்தது ஒரு கணம். மறுகணம் வெதுவெதுப்பாய், வழுக்கலாய், கனமாய் ஓர் உயிர் நழுவி மருதியின் கையில் விழுந்தது. துடைக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் மருதி அதைத் தாயின் வெறும் மார்பில் போட்டாள்.

குழந்தை ஒரு முறை தும்மியது. பிறகு அழுதது. நன்றாக, உரக்க, கோட்டை முழுவதும் கேட்க அழுதது. யாரைக் கொல்வதற்காக அந்த ஒலிக்குக் காத்திருந்தார்களோ, அவன் அக்கரை அருகே ஓடத்தில் நின்றபடி அதைக் கேட்டிருப்பானா? நிலவு காய்ந்த அந்த ஆற்றில் ஒலி வெகுதூரம் போகும். கேட்டிருப்பான் என்றே நாம் நம்புவோம்.

"நான் சாகவில்லை," என்றாள் நல்லமங்கை, குழந்தையின் ஈரத் தலையை முகர்ந்தபடி. அவள் கண்களில் நீர் வழிந்தது. "மருதி, எனக்குப் பசிக்கிறது!"

"பெண் பிள்ளை, தேவி. உங்கள் மூக்கு. குரல் மட்டும் என்னுடையது."

நச்சுக்கொடி விழுந்து, தொப்புள்கொடி அறுத்து, தாய் கஞ்சி குடித்து முடித்தபோது வாசல் திரைக்கு வெளியே சோமராயர் வந்து நின்றார். அவர் பின்னால் கச்சியனும் வீரர்களும் தலைவிரி கோலமாய் நின்றார்கள்.

"பெண்ணாமே," என்றார், கசப்பை விழுங்கிக்கொண்டு. "இருக்கட்டும். அவள் பெயரால் நான் ஆள்வேன். நூலைக் கட்டு, நல்லமங்கை! அக்கரைப் படை ஓடங்களில் ஏறுகிறது. கதவுகளை உடனே பூட்ட வேண்டும்!"

மருதி கறுப்பு நூலை நீட்டினாள். நல்லமங்கை அதை வாங்கி விரலில் சுற்றிக்கொண்டாள். குழந்தை அவள் மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் திரையை விலக்கச் சொன்னாள். எல்லாரும் காண நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமா அவர்களே, இன்று மாலை பறையறைந்த தங்கள் ஆணையைக் கோட்டை முழுவதும் கேட்டது. தாய் போடும்வரை எவரும் முடிச்சுப் போடலாகாது. இப்போது என் ஆணையையும் கேளுங்கள். என் மகளைப் பெற்ற இந்த உடம்பின்மேல் ஆணை! இவளுடைய தகப்பனார் இக்கோட்டையின் தலைவாசல் வழியே நடந்து வந்து இவளைக் கையில் ஏந்தும்வரை, நான் இந்த நூலில் முடிச்சுப் போட மாட்டேன்!"

"பூட்டுங்கள்!" என்று கத்தினார் சோமராயர். "கச்சியா! போ, கதவைப் பூட்டு!"

கச்சியன் அசையவில்லை. உள்ளே பால் குடிக்கும் குழந்தையை ஒரு முறை பார்த்தான். பிறகு, அவிழ்ந்து தொங்கிய தன் கச்சையை இடுப்பிலிருந்து முழுவதுமாக உருவி, வாளோடு சேர்த்து, வாசற்படியில் நல்லமங்கையின் முன்னே வைத்தான்.

கீழே, விரியத் திறந்திருந்த தலைவாசலுக்கு நேரே, முதல் ஓடம் படித்துறையில் வந்து முட்டியது.