குறுங்குழலுக்கு ஒரு தோள்

காலையில் ஜெசிந்தா முதலில் செய்வது முன்கையில் பட்டை கட்டிக்கொள்வது. பல் விளக்குவதுகூட அதற்குப் பிறகுதான். துப்பாக்கியின் பின்புறமிருந்து நீளும் அகலமான ரப்பர்ப் பட்டையை வலது முன்கையில் சுற்றி இறுக்கிவிட்டால் ஆயுதத்தின் பாதிக் கனம் கையோடு ஒட்டிக்கொள்ளும். மீதியை அவளுடைய மணிக்கட்டு பார்த்துக்கொள்ளும். பிறகு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பனிவலைகளைப் பார்க்கக் கிளம்புவாள்.

கரட்டுப்பனி என்ற அந்த மலையூரில் மழை பெய்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மேகம் மட்டும் தவறாமல் வரும். வீடு வீடாக எட்டிப் பார்க்கும், குசலம் விசாரிக்கும், ஒரு சொட்டு வைக்காமல் போய்விடும். இந்தக் கஞ்ச விருந்தாளியிடமிருந்து தண்ணீரைப் பிடுங்கத்தான் மேட்டு முகடு நெடுக உலோக இழையில் நெய்த வலைகளைக் கட்டியிருந்தார்கள். மேகம் வலைக்குள் புகுந்து வெளியேறும்போது இழைகளில் ஈரம் தங்கும். ஈரம் துளியாகி, குழாயில் இறங்கி, பாறைத் தொட்டியில் சேரும். ஊர் குடித்ததும் குளித்ததும் அதில்தான். அந்த மேக வெள்ளைக்குள் நடக்கும்போது, தான் நடக்கிறோமா மிதக்கிறோமா என்று ஜெசிந்தாவுக்குச் சில நாள் சந்தேகம் வரும். குனிந்து பார்த்தால் கால் தெரியாது.

அவள் சுட வேண்டியது பொதிப்பறவைகளை. முன்பு ஒரு நிறுவனம் வீட்டு வாசலுக்கே சாமான் கொண்டுபோய்க் கொடுக்கப் பறக்கவிட்ட டிரோன்கள் அவை. நிறுவனத்தை மூடியவர்கள் ஊழியர்களிடம் சொன்னார்கள், அரசாங்கத்திடம் சொன்னார்கள். பறவைகளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தம்மைத் தாமே பழுதுபார்க்கக் கற்றிருந்த அவை வெயிலைக் குடித்துக்கொண்டு மலைமலையாக அலைந்தன. தேய்ந்த உறுப்புக்குப் பதில் உறுப்பு செய்ய உலோகம் வேண்டும். பனிவலையின் இழை அவற்றுக்கு அல்வா மாதிரி. வெள்ளைக்குள் எங்கிருந்தோ தேன்குரலில் ஒரு பெண் பேசுவாள்: “பேச்சிமுத்து அவர்களே, உங்கள் பொருள் வந்துவிட்டது. வாசலுக்கு வரவும்.” அந்தப் பேச்சிமுத்து எந்த ஊர்க்காரரோ, இருக்கிறாரோ இல்லையோ. குரல் வந்த திசையில் ஜெசிந்தா கையை நீட்டிச் சுடுவாள். ஏதோ ஒன்று புல்லில் விழும் சத்தம் மெதுவாகக் கேட்கும்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் அந்த ஆண்டு பறவைகள் விவரமாகிவிட்டன. அவளுடைய கை எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரிந்துகொண்டு அதற்கு ஒரு கஜம் தள்ளியே நின்றன. அவள் கிழக்கு முகட்டுக்குப் போனால் மேற்கே இறங்கின. என்ன இருந்தாலும் அவள் கையில் இருந்தது பிஸ்டல்தான். பார்வைக்கு ரைஃபிள் போலவே இருக்கும். குழல் மட்டும் குட்டை, தோளில் ஊன்றக் கட்டை கிடையாது. தூரத்தில் குறிவைத்தால் கை ஆடும். எவ்வளவு பழகிய கையானாலும் கை கைதான். ஒரு பருவத்துக்குள் பாதி வலைகள் கந்தலாயின. பாறைத் தொட்டியின் அடியில் கிடந்த பழைய வாளி ஒன்று வெளியே தெரிய ஆரம்பித்தது.

ஊர் மன்றத்தின் தலைவி வேலுத்தாய் ஒருநாள் அவள் வீட்டுக்கே வந்தார். சுற்றி வளைக்கவில்லை. பிஸ்டலுக்குத் தோள்கட்டை மாட்டி ரைஃபிளாக்கிவிட வேண்டும் என்று ஊர் நினைக்கிறது, உன் சம்மதம் வேண்டும் என்றார். ஜெசிந்தா யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பட்டையைக் கழற்றிக் கட்டையை மாட்டும் வேலை அரைமணியில் முடிந்துவிடும். அவள் யோசிக்க வேண்டியிருந்தது வேலையைப் பற்றி அல்ல.

முன்னொரு காலத்தில் துப்பாக்கிக்காரர்கள் ஊர் ஊராகத் திரிந்து நாட்டைச் சூறையாடினார்கள். அந்தக் கலவரம் ஓய்ந்த பிறகு வந்தது தோள் சட்டம். அதன் சாரம் ஒரே வரி: தூரத்தில் கொல்லக்கூடியவர் தூரம் போகலாகாது. கையில் பிடித்துச் சுடுவது கையாயுதம்; அது ஆளுக்குச் சொந்தம், ஆளோடு எங்கும் போகும். தோளில் ஊன்றிச் சுடுவது தோளாயுதம். அது நிலத்துக்குச் சொந்தம். நீளக்குழல் உள்ளதென்றால் சட்டம் கொஞ்சம் இளகும். அதை ஒளித்து எடுத்துப்போக முடியாது என்பதால், துப்பாக்கியை மன்றத்தில் வைத்துவிட்டு ஆள் வெளியூர் போகலாம். குட்டைக்குழலில் கட்டையை மாட்டினால்தான் சிக்கல். குறியும் தப்பாது, கம்பளிக்குள்ளும் அடங்கும். அப்படிப்பட்ட ஆயுதத்தைக் கட்டிப்போட்டால் போதாது, ஏந்துகிறவரையும் கட்டிப்போட வேண்டும் என்று சட்டம் செய்தவர்கள் நினைத்தார்கள்.

பட்டறைக்காரர் சுருளி இதையெல்லாம் இன்னொரு முறை விளக்கினார். நீளக்குழல் கேட்டுக் கீழே எழுதிப் போட்டாயிற்று. அது வருவதற்குள் ஊரே தொண்டை வறண்டு கிடக்கும். இருக்கிற குழலில் கட்டையை மாட்டலாம். முதல் தடவை தோளில் ஊன்றும்போது கட்டையிலிருந்து கடுகளவு முத்திரைச் சில்லு ஒன்று கழுத்தெலும்புக்குக் கீழே இறங்கும். அதற்குப் பிறகு மலையடிச் சோதனைச்சாவடியில் சாலைக்குக் குறுக்கே போட்ட வெள்ளைக் கோட்டைத் தாண்ட முடியாது. அவள் ஏறிய பேருந்து நகராது. கட்டையைப் பிய்த்துப் போட்டாலும் துப்பாக்கியையே உடைத்தாலும் முத்திரை போகாது.

“ஒரு தடவ தோளாயுதம் ஆனா ஆனதுதான் தாயி. மறுபடி கையாயுதம் ஆகாது. இன்னொருத்தர் வந்து தோளக் குடுத்தா உன் முத்திரை அவிஞ்சிரும், அவுகளுக்கு இறங்கிரும். வேற வழி இல்ல” என்றார் சுருளி. எனக்குப் பிடிக்காத வேலை இது என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஜெசிந்தாவின் கணவர் பிலவேந்திரன் தூத்துக்குடியில் கடற்பாசிப் பண்ணையில் இருந்தார். மலை வெள்ளை அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவம் இருமி இருமிச் சுருண்டுபோய்க் கீழே இறங்கியவர்தான். அடுத்த பருவம் முடிந்ததும் தானும் வந்துவிடுவதாக ஜெசிந்தா சொல்லியிருந்தாள். அவளை விட்டால் அந்தக் கனத்தை ஒற்றைக் கையில் தாங்கிச் சுட ஊரில் ஆள் கிடையாது என்பதால் அந்த அடுத்த பருவம் தள்ளிக்கொண்டே போனது. இப்போது அது ஒரேயடியாகப் போய்விடும் போலிருந்தது.

நடுப்பகலில் வலைக்கம்பத்தில் சாய்ந்து கண்ணயர்ந்தவளுக்குக் கனவு வந்தது. மேகத்துக்கு அடியில் கடல் கிடந்தது. பிலவேந்திரன் இடுப்பளவு நீரில் நின்று பச்சைப் பாசியைத் துணி அலசுவதுபோல அலசிக்கொண்டிருந்தார். அவள் அவரை நோக்கி நடந்தாள். நீர் அவள் காலை நனைக்கவே இல்லை. எவ்வளவு நடந்தாலும் அவர் அதே தூரத்தில் இருந்தார். விழித்தபோது யாரோ ஒரு ராக்கம்மாளின் பொருள் வந்துவிட்டதாகச் சற்றுத் தள்ளி ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் சுடவில்லை. எட்டாது என்று தெரியும்.

அன்று அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் ஒப்பித்தாள். மாட்டாதே என்று அவர் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று நினைத்தாள். மாட்டு என்று சொன்னாலும் ஒருவகையில் நிம்மதிதான். அவர் இரண்டையும் சொல்லவில்லை.

“ஏன் ஜெசி, அந்த ஊர்ல வேற தோளே இல்லையா?” என்றார்.

அந்தக் கேள்வி அவளைத் தூக்கிவாரிப் போட்டது. பிஸ்டலுக்குத்தான் அவளுடைய மணிக்கட்டு வேண்டும். தோளில் ஊன்றிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கண் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். கட்டையை மாட்டிய நிமிடமே அந்தத் துப்பாக்கிக்கு ஜெசிந்தா தேவையில்லை. அப்படியிருந்தும் தோளைத் தன்னிடமே கேட்கிறார்கள், தானும் கேட்டுக்கொண்டு நின்றோமே என்று அவளுக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

மறுநாள் மன்றத்தில் அதையே சொன்னாள். துப்பாக்கியை முன்கையிலிருந்து அவிழ்த்து எல்லோருக்கும் நடுவில் வைத்தாள். கட்டை மாட்டுவது சரியான யோசனைதான், ஆனால் எந்தத் தோள் என்று ஊர் முடிவு செய்யட்டும், பழக்கிவிடுவது என் பொறுப்பு என்றாள். அதுவரை ஒரே குரலில் பேசிய மன்றத்தில் ஆளுக்கொரு காரணம் வந்தது. ஒருவருக்கு மகன் கீழே படித்தான். ஒருவருக்கு மாதாமாதம் மதுரை மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொருத்திக்கு நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளை தேனிப் பக்கம். ஒருவரும் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. பொய்யாயிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வேலுத்தாய்தான் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பழக்குறதுக்கு ஒரு வாரம்ங்கற. அந்த ஒரு வாரத்துக்குத் தொட்டியில தண்ணி இல்லத்தா. இப்போதைக்கு நீ ஏந்திக்க. பறவைக ஒழியட்டும், ஆள் மாத்திக்குவோம். நாங்க என்ன ஓடியா போயிருவோம்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஜெசிந்தா பாறைத் தொட்டிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வாளி முழுசாக வெளியே வந்து, சேற்றில் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து நேரே சுருளியின் பட்டறைக்குப் போனாள். அவர் கட்டையை மாட்டிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோளில் ஊன்றியபோது எறும்பு கடித்ததுபோல இருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் இன்றைக்கும் அதிசயமாகப் பேசுகிறது. முகட்டில் நின்று அவள் சுட்டால் எதிர்மலையின் வெள்ளைக்குள் ஏதோ உதிரும். கை ஆடாத தெளிவு அவளுக்கே பயமாயிருந்தது. தேன்குரல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பாதிப் பெயரில் நின்றுபோன குரல்களும் உண்டு. பருவம் திரும்புவதற்குள் மலை நெடுக மேகம் ஊர்கிற ஓசை தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வலைகளைப் புதிதாக நெய்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்தது. குழந்தைகளைத் தண்ணீரில் விளையாட விட்டார்கள்.

இதற்கிடையில் பிலவேந்திரன் கடலை விட்டு வந்துவிட்டார். மேகம் இறங்காத உயரத்தில், சோதனைச்சாவடிக்குக் கீழ்ப்புறம், வெள்ளைக் கோட்டை ஒட்டினாற்போல நாலு கம்பு நட்டுத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி டீக்கடை போட்டார். மேலே வந்தால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். அவள் கோட்டுக்குக் கீழே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெசிந்தா இறங்கி வருவாள். கோட்டுக்கு மேற்புறம் அவளும் கீழ்ப்புறம் அவருமாக உட்கார்ந்து ஒரே இலையில் சாப்பிடுவார்கள். இலை கோட்டின் மேல் கிடக்கும். சாவடிக் காவலர் முதலில் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார், இலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டார். கொஞ்ச நாள் கஷ்டம்தான், பறவைகள் ஒழிந்ததும் ஊருக்குப் போய்விடலாம் என்று பிலவேந்திரன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி மன்றம் கூடியது. ஜெசிந்தாவுக்கு மாலை போட்டார்கள். வேலுத்தாய் பேசும்போது உண்மையாகவே கண் கலங்கினார். எல்லாம் முடிந்ததும் ஜெசிந்தா துப்பாக்கியை நடுவில் வைத்தாள். இனி சுட வேண்டிய அவசியம்கூட இல்லை, சும்மா தோளில் ஊன்றினால் போதும், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். கீழே படித்த மகனுக்கு அங்கேயே வேலை கிடைத்திருந்தது. நிச்சயமானவள் கல்யாணமாகி மாசமாக இருந்தாள். வேலுத்தாயின் மகளுக்கு மதுரையில் தலைப்பிரசவம், தாய் போகாமல் முடியுமா? சுருளி மட்டும் முன்னால் வந்து சட்டையை விலக்கித் தோளைக் காட்டினார். சம்மட்டி அடித்து அடித்து மூட்டு நழுவிப்போன தோள் அது. கட்டை அதில் நிற்கவில்லை, முத்திரையும் இறங்கவில்லை. வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் கெட்டவர்கள் என்று அவளால் நினைக்க முடியவில்லை. நினைக்க முடிந்திருந்தால் சுலபமாயிருந்திருக்கும். பறவைகள் போன பிறகும் முகட்டில் அவள் நிற்கிறாள் என்ற எண்ணத்தில்தான் அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அந்தத் தூக்கத்தை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. தூரத்தில் கொல்லக்கூடியவர் தூரம் போகலாகாது என்று எழுதியவர்கள், பக்கத்தில் இருப்பவர்கள் அவரைப் போகவிடவும் மாட்டார்கள் என்பதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியாமல் அன்றே இறங்கினாள். வெள்ளை மெல்ல மெல்லப் பின்தங்கி, கால் தெரிந்து, பாதை தெரிந்து, கடைசியில் டீக்கடையின் புகை தெரிந்தது. பிலவேந்திரன் பெட்டியைக் கட்டி பெஞ்சின் மேல் வைத்திருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். கோட்டுக்கு ஒரு அடி மேலே வந்து அவள் நின்ற விதத்தைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள்.

அவர் பெட்டியை எடுத்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். ஒரு டம்ளரில் டீ ஆற்றிக் கோட்டுக்கு மேலாக நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டதும் இடுப்பில் கைவைத்துத் தன் கடையின் தார்ப்பாயை அண்ணாந்து பார்த்தார்.

“அப்ப இதுக்கு ஓடு போட்டுர வேண்டியதுதான்” என்றார்.