வெளியே போனதாகப் பதிவு

குழந்தையின் கை காய்ந்திருந்தது. மூன்று வயதாகியும் கட்டைவிரலைச் சூப்பும் பழக்கம் விடாத பெண் அது; எந்நேரமும் ஈரமாக இருக்கும் அந்தக் கையைத் துடைத்துத் துடைத்தே ஆயாவின் உடுப்போரம் வெளுத்துவிட்டது. காற்றில் உலர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சறுக்குமரத்தடியில் குனிந்து செருப்பைத் தேடிய அரை நிமிடம்தான் அவள் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது குழந்தை தானாகவே கையை நீட்டிக்கொண்டு நின்றது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்கு கோபுரங்களும் மாலை வெயிலை மறைத்திருந்தன. வெட்டிய புல்லின் பச்சை வாசனையும், தண்ணீர் பீய்ச்சும் குழாய்களின் சீறலும், ஆளில்லாத ஊஞ்சலின் கிறீச்சும் பின்னால் வர, வேலைக்காரர்களுக்கான பக்கவாசலுக்கு வந்தாள். எதிரே பேருந்து நிறுத்தம். குழந்தையின் அம்மா இறங்கும் நேரம்.

வாசலின் கைரேகை இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு.

"என்னக்கா விளையாட்டு?" காவலாளி மேசைக்குப் பின்னாலிருந்து சிரித்தான். "இப்பதானே வெளிய போனீங்க. பாப்பா ஒரே அழுகை. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல."

"யாரு போனது?"

"நீங்கதான்." திரையைத் திருப்பினான். அவள் கைரேகை. வெளியே போனதாகப் பதிவு. "உள்ள இல்லாத ஆளுக்குக் கதவு திறக்காதுக்கா. மேனேஜர் வரட்டும்."

"மேனேஜர் வந்துதான் நான் இருக்கேனா இல்லையான்னு சொல்லணுமா? நாலு வருஷமா தேஞ்ச விரலு இது. உன் மெஷினுக்கு என்னைத் தெரியலன்னா மெஷினைத் தூக்கிப் போடு. நான் இங்க இருக்கேன். பாப்பா என் கையில இருக்கு. பாரு!"

அவன் மேசைக்கு மேலாக எட்டிக் கீழே பார்த்தான். சிரிப்பு நின்றது. நாற்காலி சாய்ந்து விழுந்தது.

"அக்கா… அதை விடுங்க."

கம்பிகளுக்கு வெளியே, நிறுத்தத்தில், அவள் உடுப்பில் ஒருத்தி. முதுகு மட்டும் தெரிந்தது. தோளில் குழந்தை. வாயில் கட்டைவிரல். தோளிலிருந்த குழந்தை இவளைப் பார்த்துவிட்டது.

"ஆயா!"

தூரத்தில் பேருந்தின் ஒலி.

ஆயா தன்னைப் பிடித்திருந்த சின்னக் கையை உதறினாள். பிடி விடவில்லை. பின்னுக்கு இழுத்தது.

"வர்றியா? வா. எங்க வேணும்னாலும் வா. நான் நிக்கமாட்டேன்."

வாசலின் கம்பித் தடுப்பில் கால் வைத்தாள். கீழே பார்க்கவில்லை. ஏறினாள். அந்தச் சின்ன, காய்ந்த விரல்கள் அவள் மணிக்கட்டை ஒருமுறை சுற்றின. நீண்டன. இன்னொரு முறை சுற்றின.